லாபம், இரண்டு, மூன்று

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்கள் ஒன்பது பேர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. என் மனைவியின் தம்பி கூத்தன், கப்பல் பாய் தைக்கிறவன். பண்டசாலைத் தலைவர் உய்யவந்தான் செட்டியார். அவர் அந்த ஊரில் மணந்துகொண்ட சீனத்து அம்மாள். பெயர் லின், நாங்கள் லிங்கம்மை என்போம். சமையல் செய்கிற ஆமேய், அவளும் அந்த ஊர்க்காரிதான். மூட்டை தூக்கும் அண்ணன் தம்பி, அரையனும் தேவனும். எங்கள் சிவன் கோயிலில் பூசை செய்த நீலகண்ட பட்டர். வாசல் காவல் சாத்தன். ஆயிற்றா, எட்டு. மிளகு அளக்கிற நான் ஒன்பது.

காலையில் இந்தக் கப்பலின் கணக்கன் நம்மைத் தலை எண்ணினான் அல்லவா? ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று தொடங்கினான். நான் அவன் கையைப் பிடித்து, ‘தம்பி, ஒன்று என்று சொல்லப்பா’ என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். தப்பில்லை. நானும் அப்படி எண்ணினவன்தான். நாற்பத்தொரு வருடம் படி பிடித்திருக்கிறேன், முதல் படியை ஒருநாளும் ஒன்று என்று சொன்னதில்லை. நெல்லானாலும் மிளகானாலும் முதல் படி லாபம், அடுத்தது இரண்டு. நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இந்தக் கப்பலில் ஏறி முப்பத்தாறு நாள் ஆகிறது, உங்களோடு பேசியது மூன்று தடவை. ஆனால் காற்று இப்படியே இருந்தால் இன்னும் நான்கு நாளில் நாகப்பட்டினம். கரையில் என் மனைவி நிற்பாள். தம்பி எங்கே என்று கேட்பாள். அதற்கு முன்னால் யாரிடமாவது ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டால் போதும், பதில் வேண்டாம்.

மங்கோலியரைப் பார்த்தீரா என்று இந்தக் கப்பலில் எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்தேன். ஒரே ஒருவன். அத்தனை நாட்டையும் பிடித்த கூட்டத்தில் நான் கண்ணால் கண்டது ஒருவனைத்தான். மிச்சமெல்லாம் காதால் கேட்டது.

அரபு வியாபாரிகள் ஜைத்தூன் என்று சொல்லும் சீனத் துறைமுகத்துக்கு நான் போய்ச் சேர்ந்த வருடம், மங்கோலியர் எங்களிடமிருந்து நாற்பது நாள் பயண தூரத்தில் இருந்தார்கள். வடக்கிலிருந்து படகு வந்தால் நான் படகோட்டியிடம் அது ஒன்றைத்தான் கேட்பேன். இப்போது எத்தனை நாள் தூரம்? பிறகு அது முப்பது ஆயிற்று. ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றை ஐந்து வருடம் சுற்றி நின்று, கடைசியில் கல் எறிகிற யந்திரம் வைத்து உடைத்தார்கள் என்று சேதி வந்த அன்று இருபத்திரண்டு. தலைநகரம் சண்டை போடாமலே கதவைத் திறந்துவிட்டது என்ற அன்று பன்னிரண்டு. கூத்தன் என்னைக் கேலி செய்வான். ‘மச்சான், உமக்கு ராத்திரி சோறு வேண்டாம், எத்தனை நாளுன்னு சொன்னாப் போதும், வயிறு ரொம்பிடும்’ என்பான்.

அவன் அப்படித்தான். பாய் தைக்கிற ஊசி அவன் விரல் நீளம் இருக்கும். அதை வாயில் கடித்துக்கொண்டே பேசுவான், பேசிக்கொண்டே சிரிப்பான். எனக்கு அதைப் பார்த்தாலே பயம்.

தப்பி ஓடிய அரச குடும்பம் கப்பல்களில் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. துறைமுக அதிகாரி உள்ளே விடவில்லை. அவர் மங்கோலிய அரசன் கானின் பக்கம் போய்விட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு ஊருக்குள் இருந்த அரச வம்சத்தார் வீடுகளுக்கு ஆள் போயிற்று. எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, எண்ணாததை நான் சொல்வதில்லை. எங்கள் தெரு வாய்க்காலில் மூன்று நாள் தண்ணீர் மொள்ள முடியவில்லை. அதை மட்டும் சொல்வேன். அந்த மூன்று நாளும் ஆமேய் சட்டியில் மழைநீர் பிடித்துச் சோறு வடித்தாள்.

நான்காம் நாள் முரசு அடித்துச் சொன்னார்கள். வீடு வீடாகத் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கையைப் பலகையில் எழுதிக் கதவில் அறைவார்கள். அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து சரிபார்ப்பார்கள். பலகைக்கு மேல் ஒரு தலை இருந்தால், அது ஒளித்து வைத்த பழைய வம்சத்து ஆள். ஒரு தலை குறைந்தால், அது ஓடிப்போய்க் கடலில் இருக்கும் அரச குடும்பத்தின் கப்பல்களோடு சேர்ந்துகொண்ட ஆள். இரண்டுக்கும் அந்த வீட்டில் உள்ள எல்லாரும் பொறுப்பு. 

எங்கள் வீட்டுக்கு ஆறு சிப்பாய்கள் வந்தார்கள். ஐந்து பேர் சீனர்கள், போன மாதம்வரை பழைய அரசனிடம் சம்பளம் வாங்கியவர்கள். ஆறாவது ஆள்தான் மங்கோலியன். குள்ளம். உதடு வெடித்திருந்தது. சளி பிடித்திருந்தது, உறிஞ்சிக்கொண்டே இருந்தான். உள்ளே வரும்போது வாசற்படியை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டினான். நம்மைப் போலவே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. அது தப்பு.

அவர்கள் பேச்சை நமக்கு மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி. கடாரத்துக்காரர். அங்கே சந்தையில் நம் ஆட்களோடு பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். கையில் காகிதமும் தூரிகையும் வைத்திருந்தார். பேர் வேண்டாம், தலை மட்டும் போதும் என்றார். மங்கோலியன் இடுப்பிலிருந்து ஒரு குச்சியும் கத்தியும் எடுத்தான்.

செட்டியார் என்னைப் பார்த்தார். ‘அளவரே, நீர் எண்ணும். உம்மைப் போல ஒழுங்கா யாரும் எண்ண மாட்டாங்க.’

எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றோம். முதலில் நின்றவன் கூத்தன். நான் அவன் தோளைத் தொட்டு, ‘லாபம்’ என்றேன்.

துபாஷி முகம் மலர்ந்து, ‘லாபம், லாபம்’ என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்குக் கூச்சம் வந்தால் குரல் இறங்கிவிடும். இரண்டு என்றேன், மூன்று என்றேன். ஐந்துக்கு மேல் உதடு மட்டும்தான் அசைந்திருக்கும். அதற்குப் பிறகுதான் துபாஷி குனிந்து, நான் சொல்லும் எண்ணைக் காதில் வாங்காமல், ஒவ்வொரு தோளாகத் தொடத் தொடக் கோடு போட்டார். கடைசியில் என் மார்பைத் தொட்டுக்கொண்டேன். அவர் கோடுகளை எண்ணி மங்கோலியனிடம் சொன்னார். அவன் குச்சியில் வெட்டினான். ஒரு சிப்பாய் பலகையை அறைந்தான்.

அந்த ஊர் எழுத்து எனக்குத் தெரியாது, எண் தெரியும். எட்டுக்கு அவர்கள் போடுவது கூரையின் இரண்டு சரிவுபோல இரண்டே கோடு. பலகையில் இருந்தது அந்தக் கூரைதான்.

வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குள் அந்த மங்கோலியன் குதிரையில் ஏறிவிட்டான். ஏறினவனை இறங்கச் சொல்ல நான் யார்?

மறுநாள் காலையில் செட்டியாரிடம் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

‘என்னய்யா சொல்றீர்? ஒன்பதா எட்டா?’

‘நான் எண்ணியது ஒன்பது. எழுதியது எட்டு.’

‘எப்படி?’

‘முதல் தலைக்கு லாபம்னு சொன்னேன். அவர் அதை எண்ணில் சேர்க்கவில்லை.’

‘மனுஷனை எண்ணும்போதுமா லாபம் சொல்லுவீர்?’ என்று பட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கேட்கிறேன், வேறு எப்படி எண்ணுவது? எண்ணுவது எண்ணுவதுதானே. தமிழ் தெரிந்த துபாஷி என்று வந்தவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டாமா?

போய்த் திருத்தச் சொல்லலாம் என்றார் பட்டர். செட்டியாருக்குத் துணிவு வரவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு பீங்கான் வியாபாரி இருந்தார். ராத்திரியே சரிபார்க்க வந்தபோது அவர் பலகையில் பத்து, வீட்டில் பதினொன்று. பதினோராவது ஆள், பலகை அறைந்த பிறகு ஊரிலிருந்து வந்த மாமனார். பதினொரு பேரையும் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டு நாய் மட்டும் வாசலில் கிடந்தது. ‘நாமளாப் போய் ஒரு ஆள் கூடுதல்னு சொன்னா, அந்த ஆள் யாருடான்னுதான் கேப்பான்’ என்றார் செட்டியார். ஆகவே சிப்பாய்கள் வரும்போது ஒருவர் ஒளிந்துகொள்வது என்று முடிவாயிற்று.

யார் என்று கேள்வி வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சரியானதைச் சொன்னேன். எழுதாமல் விட்டது முதல் தலை. முதல் தலை கூத்தன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பட்டர் மட்டும், ‘பலகையில பேரா இருக்கு? யார் ஒளிஞ்சாலும் எட்டுதானே? வயசானவன் யாராவது...’ என்று இழுத்தார். வயசானவன் என்றால் சாத்தனையோ என்னையோ சொல்கிறார். அப்படி ஆளுக்கு ஆள் மாற்றினால் எண்ணிக்கைக்கு என்ன மரியாதை?

கூத்தன் சிரித்தான். ‘விடுங்க பட்டரே. எங்க அக்கா புருஷன் வாயால நான் லாபம்னு பேர் வாங்கினது இதுதான் முதல் தடவை. நானே ஒளிஞ்சுக்கறேன்.’

பண்டசாலையில் அவன் தைத்து வைத்த பெரிய பாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. இரண்டு ஆள் உயரம். முரசு கேட்டால் அவன் அதற்குள் புகுந்துகொள்வது என்று ஏற்பாடு. ஆமேயிடம் லிங்கம்மை என்ன சொன்னாளோ, நான் சைகையில் சொல்லிவைத்தேன், புரிந்ததோ என்னவோ. தெருமுனையில் முரசு கேட்ட பிறகு எங்கள் கதவைத் தட்ட எத்தனை நேரம் ஆகிறது என்று நான் பார்த்து வைத்திருந்தேன். நிதானமாக மூச்சு விட்டால் அறுபது மூச்சு.

முதல் தடவை வந்தார்கள். நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். மங்கோலியன் குச்சியில் கட்டைவிரலை ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினான். எட்டில் முடிந்தது. உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான். கூத்தன் சுருளிலிருந்து வந்து, ‘உள்ளே தார் நாத்தம் தாங்கல மச்சான், அடுத்த தடவை நீர் லாபமா இரும், நான் இரண்டா இருக்கேன்’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் தடவை ஐந்து நாள் கழித்து, காலை நேரம்.

அன்று விடிந்ததும் ஆமேய் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனாள். எப்போதும் அடுப்பில் உலை காய்வதற்குள் திரும்பிவிடுவாள். அன்று உலை கொதித்து, தண்ணீர் வற்றி, லிங்கம்மையே அடுப்பை அணைத்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். பலகையில் எட்டு, வீட்டில் ஒன்பது. நாங்கள் தமிழில் குசுகுசுவென்று பேசுவதையும் பார்த்திருப்பாள். கூடுதல் தலை தன் தலை என்று நினைத்து ஓடிவிட்டாள். அப்படித்தான் நான் முடிவு செய்தேன்.

முரசு கேட்டது. கூத்தன் பாய்ச் சுருளுக்குள் போனான். நாங்கள் முற்றத்தில் நின்றோம். நான் எண்ணினேன். நான் எப்போதும் எண்ணுகிறவன். ஏழு.

மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டசாலை வாசல் என்னிடமிருந்து ஒன்பது காலடி தூரம். ‘கூத்தா, வெளியே வா’ என்றால் போதும், எட்டு ஆகிவிடும். அறுபது மூச்சு இருந்தது. பத்து போனது. ஆமேய் வந்துவிடுவாளோ என்று பார்த்தேன். ஒருவேளை தெருமுனையில் வந்துகொண்டிருப்பாளோ? இவனையும் கூப்பிட்டு அவளும் வந்துவிட்டால் ஒன்பது. முப்பது போனது. உறுதியாகத் தெரியாமல் ஓர் எண்ணைச் சொல்வது என் வழக்கமில்லை. ஐம்பது. கதவைத் தட்டினார்கள்.

அதே ஆறு பேர். அதே துபாஷி. ‘அளவரே, நீரே எண்ணும்’ என்றார் சிரித்துக்கொண்டு.

செட்டியாரின் தோளைத் தொட்டேன். ‘ஒன்று’ என்றேன். என் வாழ்நாளில் முதல்தடவை. லிங்கம்மை இரண்டு. பட்டர் மூன்று. அரையன், தேவன், நான்கு, ஐந்து. சாத்தன் ஆறு. என் மார்பில் கை வைத்தேன். ஏழு.

மங்கோலியனின் கட்டைவிரல் ஏழாம் வெட்டில் நின்றது. எட்டாம் வெட்டு அதற்கு மேலே தனியாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. அடுத்ததைக் கேட்கிறவன்போலப் பார்த்தான். அப்போதுதான் செட்டியாருக்குப் புரிந்தது. ‘ஆமேய்’ என்று வாய்க்குள் சொன்னார். சிப்பாய் ஒருவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

‘எட்டு!’

பண்டசாலைக்குள்ளிருந்து குரல். கூத்தன் வந்தான். தலையில் நூல், கன்னத்தில் தார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, ‘எட்டு’ என்று மறுபடியும் சொன்னான். சுருளுக்குள் இருந்தபடியே நான் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மங்கோலியனின் விரல் எட்டாம் வெட்டுக்கு நகர்ந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எண் சரிதானே?

அவன் துபாஷியிடம் ஏதோ கேட்டான்.

‘ஏன் ஒளிஞ்சிருந்தான்னு கேக்கறார்.’

‘தூங்கிட்டேன்னு சொல்லுங்க’ என்றான் கூத்தன். ‘நல்ல பாய், நானே தைச்சது, படுத்தா எழுந்திருக்க மனசு வராதுன்னு சொல்லுங்க.’

துபாஷி சொன்னார். ஒரு சீனச் சிப்பாய் சிரித்தான். மங்கோலியன் கூத்தனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். விரலில் ஊசி ஏறிக் காய்த்த காய்ப்பைத் தடவினான். துபாஷியின் முகம் மாறிவிட்டது. ‘கடல்ல இருக்கற கப்பலுக்குப் பாய் தைக்கிறவனான்னு கேக்கறார்’ என்றார். பிறகு மெதுவாக, ‘யாராவது இவனுக்காக ஏதாவது சொல்லுங்களேன்’ என்றார்.

கூத்தன் என்னைத்தான் பார்த்தான். ‘மச்சான்’ என்றான். சிரிக்காமல் அவன் என்னைக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

நான் என்ன சொல்ல? ஒளிந்திருந்தது உண்மை. ஏன் என்று சொல்லப் போனால் ஒன்பது என்று சொல்ல வேண்டும். ஒன்பது என்றால் ஒன்பதாவது எங்கே என்பான். எனக்குத் தெரிந்தது எண்தான், பேச்சு இல்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்கள். துபாஷி போகவில்லை. அவனையும் சேர்த்து ஏழு பேர். நான் வாசலில் நின்று எண்ணினேன். சந்து திரும்பினார்கள். நூற்றுப் பதினேழு மூச்சுக்குப் பிறகு அதே சந்திலிருந்து திரும்பி வந்தார்கள். ஆறு பேர். மங்கோலியன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தபடி எங்கள் வாசலைத் தாண்டிப் போனான்.

துபாஷி மட்டும் எங்கள் வாசலிலேயே நின்றார். கத்தியால் பலகையைச் சுரண்டினார். கூரை போயிற்று. அந்த இடத்தில் ஏழு எழுதினார். குறுக்கே வெட்டிய ஒரு கோடு, கால் மடங்கினது. எழுதிக்கொண்டே என்னைக் கேட்டார்.

‘அளவரே, இன்னைக்கு முதல் ஆளுக்கு ஒன்னுன்னு சொன்னீர். அன்னைக்கு லாபம்னீர். லாபம்னா ஒன்னா?’

தலையசைத்தேன்.

‘நீர் எனக்கு வாழ்த்துச் சொல்றீர்னு இல்ல நான் நினைச்சேன்?’ அவர் தூரிகையைத் துடைக்க மறந்து நின்றார். ‘அப்பவே சொல்லியிருந்தா ஒரு கோடு சேத்துப் போட்டிருப்பேனே. ஒரு கோடுய்யா.’

அவர் போய்விட்டார். செட்டியாரும் மற்றவர்களும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். லிங்கம்மை அழுதாள். கதவைச் சாத்த நான்தான் வாசலில் நின்றேன்.

அப்போது ஆமேய் வந்தாள்.

தெருவின் மறுமுனையிலிருந்து, கூடையோடு, அவசரமாக. கூடையில் மீன் இருந்தது. ஐந்து மீன். சந்தையில் கூட்டம், காக்க வைத்துவிட்டார்கள் என்று கையால் காட்டினாள். அவள் ஓடவில்லை. மீன் வாங்கத்தான் போயிருந்தாள். வாசற்படிக்கு வந்து காலைத் தூக்கினாள்.

பலகையில் மை காயவில்லை. துபாஷி தெருமுனையைத் தாண்டவில்லை, அவர் முதுகு தெரிந்தது. கூப்பிட்டால் கேட்டிருக்கும், திருத்தியும் இருப்பார், ஆனால் என் குரல் சன்னம். நான் கையை நீட்டிக் குறுக்கே வைத்தேன். அவள் மொழியில் எனக்கு நாலு சொல் தெரியும். வா, போ, அரிசி, போதும். ‘போதும்’ என்றேன். அவள் புரியாமல் பலகையைப் பார்த்தாள். வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூடையை என் பக்கம் நீட்டினாள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பதினோரு தடவை தட்டினாள். உள்ளே இருந்தவர்கள், யார் என்று கேட்டார்கள். காற்று என்றேன்.

பிறகு திரும்பி நின்று, முற்றத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக, ஒன்று என்று தொடங்கி எண்ணினேன். பலகையில் ஏழு. உள்ளே என்னோடு சேர்த்து ஏழு.